தள்ளாடும் கம்பெனியிலிருந்து ஆஃபர் வந்திருக்கிறது, போகலாமா?

தூரப்பார்வை:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டிய விஷயம், அதனால் நேராகவே கேட்டுவிடுகிறேன்.

இப்போது இருப்பது பெரிய கம்பெனி. சம்பளம் தேதி தவறாது. ஆனால் செய்ததையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறேன், மேலே போக இடமும் இல்லை. இந்த நேரத்தில் நடுத்தர அளவுள்ள ஒரு மென்பொருள் கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறார்கள். தரவுக் குழு முழுக்க என் பொறுப்பில் வரும், சம்பளம் 30 சதவீதம் கூடுதல், கொஞ்சம் பங்கு உரிமையும் உண்டு.

சிக்கல் என்னவென்றால் கம்பெனி நல்ல நிலையில் இல்லை. போன வருடம் ஐந்தில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நிதித்துறைத் தலைவர் திடீரென்று விலகினார். ஒரு மாதம் சம்பளம் தாமதமாக வந்தது என்று அங்கே வேலை பார்த்த ஒருவர் சொன்னார். நேர்முகத்துக்குப் போனபோது ஒரு பக்கம் வரிசையாகக் காலி மேசைகள், மானிட்டர் இருந்த இடத்தில் வயர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அதே சமயம் எனக்கு மேலதிகாரியாக வரப்போகிறவர் கேட்ட கேள்விகளை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை, அந்த ஒரு மணி நேரப் பேச்சிலேயே வேலை மேல் ஆசை வந்துவிட்டது.

வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். என்ன செய்வீர்கள்?

ஒற்றைச்சம்பளம்:
போகாதீர்கள். சம்பளம் ஒரு தடவை தாமதமானால் இன்னொரு தடவையும் ஆகும். உங்களை நம்பி வீடு இருக்கும்போது 30 சதவீதம் கூடுதல் என்பது தாளில் மட்டும் இருக்கிற பணம்.

கணக்குப்பிள்ளை:
அவ்வளவு சீக்கிரம் கதவைச் சாத்த வேண்டாம். "தள்ளாடுகிறது" என்று மொத்தமாகச் சொன்னால் எதுவும் விளங்காது, எது தள்ளாடுகிறது என்று பார்க்க வேண்டும். வியாபாரம் ஓடுகிறது, கையில் பணம் மட்டும் முடை என்றால் அது ஒரு கதை. பணம் இருக்கிறது, ஆனால் விற்கிற பொருளுக்கே இனி ஆள் இல்லை என்றால் அது வேறு கதை. மேலே இருப்பவர்களே பொய்க்கணக்கு எழுதுகிறார்கள் என்றால் அது மூன்றாவது. நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: வாடிக்கையாளர்கள் இன்னமும் பணம் கட்டுகிறார்களா, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறார்களா? மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

சத்யம் என்கிற மென்பொருள் கம்பெனியை நினைத்துப் பாருங்கள். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவரே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார், இருப்பதாகக் காட்டிய வங்கிப் பணத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று. அதைவிட மோசமான செய்தி ஒரு கம்பெனிக்கு வர முடியாது. ஆனால் அங்கே வேலை உண்மையாக நடந்துகொண்டிருந்தது, வாடிக்கையாளர்களும் உண்மை. அரசாங்கம் பழைய இயக்குநர் குழுவைத் தூக்கிவிட்டுப் புதிய குழுவை வைத்தது, அதே ஏப்ரலில் டெக் மஹிந்திரா ஏலத்தில் எடுத்தது. வலி இல்லாமல் நடந்தது என்று சொல்லவில்லை, ஆனால் கம்பெனி பிழைத்தது. புகைப்பட ஃபிலிம் விற்ற கோடக்கில் யாரும் கணக்கில் பொய் சொல்லவில்லை, இருந்தும் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போக வேண்டி வந்தது. ஃபிலிம் வாங்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

உங்கள் விஷயத்தில் இன்னும் சில பார்க்க வேண்டும். அவர்களின் ஆண்டுக் கணக்கு பொதுவில் கிடைத்தால் தணிக்கையாளர் அறிக்கையைப் படியுங்கள். கம்பெனி தொடர்ந்து இயங்குமா என்பதில் கணிசமான சந்தேகம் இருக்கிறது என்று எங்காவது ஒரு பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். சர்வதேசத் தணிக்கை விதிப்படி குறைந்தது 12 மாதத்தை முன்னே பார்த்துவிட்டுத்தான் அதைப் பற்றி முடிவு சொல்கிறார்கள், சும்மா போகிற போக்கில் எழுதுகிற வரி இல்லை. தணிக்கையாளர் பாதியில் விலகியிருந்தால், கணக்கு தாக்கல் செய்வதே தாமதமாகியிருந்தால், அதுவும் பெரிய விஷயம். சம்பளத்திலிருந்து வரிக்கும் சேமநிதிக்கும் பிடித்த பணத்தைக் கட்ட வேண்டிய இடத்தில் கட்டுகிறார்களா என்று அங்கே இருக்கிற யாரிடமாவது கேளுங்கள். சம்பளம் பத்து நாள் தள்ளிப்போவது பணமுடை. ஊழியர் பணத்தைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருந்தால் அது முடை என்கிற கணக்கில் வராது, அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள்.

பழைய ஆள்:
கணக்குப்பிள்ளை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இப்படிப்பட்ட இரண்டு கம்பெனிகளில் இருந்திருக்கிறேன், ஒன்று பிழைத்தது, ஒன்று மூடிவிட்டது. உள்ளே இருந்து பார்த்தபோது இரண்டுக்கும் பணக் கஷ்டம் கிட்டத்தட்ட ஒரே அளவுதான்.

பிழைத்த கம்பெனியில் திங்கட்கிழமை காலை லிஃப்ட் பக்கத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டுவார்கள். வங்கியில் எவ்வளவு இருக்கிறது, இந்த வாரம் யார் யாருக்குக் கொடுக்க வேண்டும், எந்த வாடிக்கையாளர் இன்னும் தரவில்லை, எல்லாம் அதில் இருக்கும். விற்பனைக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனை எடுப்பார்கள். ஒரு வாரம் அந்தத் தொகையைப் பார்த்து வயிறு கலங்கியது உண்மை, ஆனாலும் யாரும் வதந்தி பேசவில்லை, பேச அங்கே எதுவும் மிச்சம் இல்லை. மூடிய கம்பெனியில் வெள்ளிக்கிழமை தோறும் எல்லாரையும் கூட்டி "முதலீட்டாளர் கையெழுத்துப் போடப்போகிறார், அடுத்த வாரம் பணம் வந்துவிடும்" என்பார்கள். வரவேற்பறையில் சப்ளையர்கள் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், நாங்கள் பின்பக்கக் கதவு வழியாகச் சாப்பிடப் போவோம்.

அதனால் நான் சொல்வது: நேரே கேளுங்கள். "எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது" என்று உங்கள் வருங்கால மேலதிகாரியிடமே கேளுங்கள். ஒரு குழுவையே பொறுப்பில் எடுக்கப்போகிறவருக்குக் கேட்கிற உரிமை இருக்கிறது. எண்ணைச் சொல்கிறாரா, இல்லை "எதிர்காலம் நன்றாக இருக்கிறது" என்று ஆரம்பிக்கிறாரா, அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆள் குறைந்த இடத்தில் மூன்று பேர் வேலையை ஒருவர் பார்க்க வேண்டும், ஒரு சின்ன மென்பொருள் உரிமம் வாங்கக்கூட மேலே வரை கையெழுத்துக்குப் போகும். ஆனால் வியாபாரம் எப்படி ஓடுகிறது என்பதை நான் கற்றுக்கொண்டது அங்கேதான், பெரிய கம்பெனியில் அது யாருக்கும் காட்டப்படுவதில்லை.

தொடுவானம்:
பின்னால் ஆப்பிளுக்கே தலைமைப் பொறுப்பேற்ற டிம் குக்கை யாரும் சொல்லவில்லையே. 1997இல் ஆப்பிள் மூழ்கப்போகிறது என்றுதான் எல்லாரும் எழுதினார்கள், அந்த நிதியாண்டில் மட்டும் 100 கோடி டாலருக்கு மேல் நஷ்டம், மைக்ரோசாஃப்ட் 15 கோடி டாலர் போட்டது. அடுத்த வருடம் 1998 மார்ச்சில் அவர் காம்பேக்கை விட்டுவிட்டு அங்கே போனார். காம்பேக் அப்போது உலகிலேயே அதிகமாகக் கணினி விற்ற கம்பெனி. எல்லாரும் கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தால் யார்தான் எங்கே போவது. தூரப்பார்வை, ஆசை வந்த வேலைக்குப் போங்கள்.

ஒற்றைச்சம்பளம்:
தொடுவானம், அதே மாதிரி மூழ்குகிற கம்பெனிக்குப் போய்த் தானும் மூழ்கினவர்களை யாரும் எழுதுவதில்லை, அதனால்தான் குக் பெயர் மட்டும் உங்களுக்குத் தெரிகிறது. அவர் போனது உலக அளவிலான செயல்பாட்டுப் பொறுப்புக்கு, மூத்த துணைத் தலைவராக. ஆப்பிள் கவிழ்ந்திருந்தாலும் அவருக்கு அடுத்த மாத வாடகை ஒரு கேள்வியாக இருந்திருக்காது. கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸில் 2012இல் மாதக்கணக்கில் சம்பளம் வராமல் கிடந்தவர்களிடம் போய் ஆசைப்பட்ட வேலைக்குப் போங்கள் என்று சொல்லிப் பாருங்கள்.

பழைய ஆள்:
ஒற்றைச்சம்பளம் சொல்வது நியாயம்தான். ஆனால் அதே கதையில் இன்னொரு பாதி இருக்கிறது: பத்திரமான இடம் என்று எல்லாரும் நம்பிய காம்பேக்கை 2002இல் எச்பி விழுங்கிவிட்டது. தூரப்பார்வை இப்போது இருக்கிற கம்பெனி எவ்வளவு பத்திரம் என்பதையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். தராசில் ஒரு தட்டை மட்டும் பார்த்தால் எப்படி.

ஆள்சேர்ப்பு:
ஆள் எடுக்கிற வேலையில் பல வருடம் இருந்தவள் என்கிற முறையில் சொல்கிறேன். ஐந்தில் ஒருவரை அனுப்பிவிட்டு இந்தப் பதவிக்கு மட்டும் ஏன் ஆள் தேடுகிறார்கள் என்பதுதான் எனக்குத் தோன்றிய முதல் கேள்வி. புதிதாக உருவாக்கிய பதவியா, யாராவது விட்டுப்போன நாற்காலியா? விட்டுப்போனது என்றால் அவர் எங்கே, ஏன் போனார்? அவரையே தேடிப் பிடித்துப் பேசுங்கள். கம்பெனி கொடுக்கிற ஆளிடம் மட்டும் கேட்டால் கம்பெனிக்குப் பிடித்த பதில்தான் வரும்.

பங்கு உரிமையைச் சம்பளத்தோடு சேர்த்துக் கூட்டாதீர்கள். வழக்கமான ஏற்பாட்டில் நான்கு வருடத்தில்தான் முழுசாகக் கைக்கு வரும், முதல் வருடம் முடியாமல் வெளியே போனால் ஒன்றும் கிடையாது. அதற்கும் மேலே, கஷ்டத்தில் இருக்கிற கம்பெனியை யாராவது குறைந்த விலைக்கு வாங்கினால், பணம் போட்ட முதலீட்டாளர்கள் தங்கள் தொகையை முதலில் எடுத்துக்கொள்ளும்படி ஒப்பந்தம் இருக்கும். மிச்சம் இருந்தால்தான் ஊழியர் பங்குக்கு. கஷ்டப்படுகிற கம்பெனிகளில் பெரும்பாலும் மிச்சம் இருக்காது. அதை விட்டுக்கொடுத்து ரொக்கமாகக் கேளுங்கள், சேரும்போதே கைக்கு வருகிற தொகையாக. அவர்களுக்கு நீங்கள் தேவை என்றால் பேச்சுக்கு இறங்கி வருவார்கள். கஷ்டத்தில் இருக்கிற கம்பெனியில் பேரம் பேச உங்களுக்கு இருக்கிற பலம், நன்றாக இருக்கிற கம்பெனியில் இருக்காது. பலர் இதை மறந்துவிட்டு, பாவம் அவர்களே கஷ்டத்தில் இருக்கிறார்கள் என்று கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

வேலைக்கு அனுப்புகிற தன்விவரக் குறிப்பில் ஒரு வருடம் மட்டும் இருந்த கம்பெனி என்று வந்தால் கெட்ட பெயர் ஆகுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஆகாது. கம்பெனி மூடிவிட்டது என்றால் எல்லாருக்கும் புரியும்.

சட்டக்காரி:
எழுத்தில் வாங்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உங்களை அவர்கள் அனுப்பினால் எத்தனை மாதச் சம்பளம் தருவார்கள் என்பது வேலை ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். சேரும்போது தருகிற தொகையைச் சீக்கிரம் வெளியேறினால் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு ஷரத்து போடுவார்கள். அது நீங்களாக விலகினால் மட்டும்தான், அவர்கள் அனுப்பினாலோ சம்பளம் தராமல் போனாலோ பொருந்தாது என்று மாற்றச் சொல்லுங்கள். வேறு கம்பெனிக்குப் போகத் தடை போடுகிற ஷரத்து இருக்கிறதா என்றும் பாருங்கள், அவர்களே அனுப்பும் நிலையில் அது இருக்கவே கூடாது.

கம்பெனி திவாலானால் பாக்கிச் சம்பளம் என்ன ஆகும் என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதனால் உங்கள் இடத்துச் சட்டத்தைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் பாக்கியை ஒரு வரம்பு வரை கொடுக்க உத்தரவாத நிதி ஏற்பாடு இருந்தாக வேண்டும். அமெரிக்காவில் திவாலுக்கு முந்தைய 180 நாளில் சேர்ந்த சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு வரை முன்னுரிமை. இந்தியாவில் 2016 திவால் சட்டத்தின்படி கம்பெனியைக் கலைக்கும்போது தொழிலாளர்களின் 24 மாதப் பாக்கி அடமானக் கடன்காரர்களோடு ஒரே வரிசையில் நிற்கும், மற்ற ஊழியர்களின் 12 மாதப் பாக்கி அதற்கு அடுத்த வரிசை. மேலாளர் பதவியில் இருப்பவர் பொதுவாக அந்த இரண்டாவது வரிசையில்தான். எந்த நாட்டில் என்றாலும் முன்னுரிமை என்றால் வரிசையில் முன்னால் என்றுதான் அர்த்தம், பணம் இருந்தால்தான் வரிசைக்கே பொருள். ஆக, பாக்கி சேர விடாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. ஒரு மாதச் சம்பளம் முழுசாக நின்றால் அன்றே வேறு வேலை தேட ஆரம்பியுங்கள், இரண்டாவது மாதத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது.

தூரப்பார்வை:
எல்லாருக்கும் மிக்க நன்றி. நேற்று மேலதிகாரியாக வரப்போகிறவரிடம் போனில் பேசினேன். கேட்கக் கூச்சமாக இருந்தது, ஆனால் கேட்டேன். மழுப்பவில்லை. 14 மாதத்துக்குப் பணம் இருக்கிறதாம். வருமானத்தில் ஐந்தில் இரண்டு பங்கு கொடுத்த ஒரே வாடிக்கையாளர் விலகிப் போனதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம், மற்ற பெரிய வாடிக்கையாளர்கள் எல்லாரும் இந்த வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிட்டார்கள் என்றார். ஒரு வங்கிக் கடன் 9 மாதத்தில் முடிகிறது, நீட்டித்துத் தரப் பேச்சு நடக்கிறது. நிதித்துறைத் தலைவர் ஏன் போனார் என்பதற்கு மட்டும் "அதை நான் சொல்வது சரியாக இருக்காது" என்றார்.

இந்த நாற்காலியில் முன்பு இருந்தவரையும் பிடித்துவிட்டேன். குழுவைப் பாதியாகக் குறைத்ததும் களைத்துப்போய் வெளியே வந்தாராம். "கஷ்டம் நிஜம், வேலை ரொம்ப அதிகம், ஆனால் என்னிடம் யாரும் பொய் சொல்லவில்லை, பிடித்தம் எல்லாம் ஒழுங்காகக் கட்டினார்கள்" என்றார். எனக்குப் பாதி மனது போகலாம் என்று வந்துவிட்டது.

கணக்குப்பிள்ளை:
நல்ல பதில்கள். பெரும்பாலான இடத்தில் இவ்வளவு தெளிவாகச் சொல்ல மாட்டார்கள். மற்ற வாடிக்கையாளர்கள் புதுப்பித்தது நான் கேட்க விரும்பிய செய்தி.

ஆனால் ஒரு இடத்தில் நிற்க வேண்டும். 14 மாதத்துக்குப் பணம், 9 மாதத்தில் கடன் முடிகிறது. இந்த 14 என்கிற எண்ணைப் போட்டபோது கடனைத் திருப்பிக் கட்டியதாக வைத்துப் போட்டார்களா, நீட்டித்துவிடுவார்கள் என்று வைத்துப் போட்டார்களா? இரண்டாவது என்றால் உங்கள் கையில் இருப்பது 14 இல்லை, 9. அந்த ஒன்பதாவது மாதத்திலும் பாதுகாப்பு இல்லை, ஏனென்றால் வங்கி ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்த அன்றே செலவை வெட்ட ஆரம்பிப்பார்கள், கடைசியாகச் சேர்ந்தவர், அதுவும் அதிகச் சம்பளத்தில் சேர்ந்தவர், எங்கே நிற்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இதை அவரிடமே கேளுங்கள், அவருக்குத் தெரியாவிட்டால் புதிய நிதித்துறைத் தலைவரிடம் பத்து நிமிடம் வாங்கித் தரச் சொல்லுங்கள்.

ஒற்றைச்சம்பளம்:
இதைத்தான் நான் பயந்தேன். நம்பிக்கையை எண்ணாகப் போட்டுத் தந்தால் அது உறுதி மாதிரி காதில் விழுகிறது.

தூரப்பார்வை:
கணக்குப்பிள்ளை, நீங்கள் சந்தேகப்பட்டது சரி. இன்று காலை புதிய நிதித்துறைத் தலைவரிடம் பேசினேன். 14 என்பது கடன் நீட்டிக்கப்படும் என்று வைத்துப் போட்ட கணக்கு. நீட்டிக்காவிட்டால் ஒன்பதாவது மாதம் கல்லா காலி என்று அவரே சொன்னார். மறைக்க நினைத்தவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார் என்று தோன்றியது, ஆனால் ஒன்பது ஒன்பதுதான். வங்கி மூன்று வாரத்தில் முடிவு சொல்லும் என்றார்.

தொடுவானம்:
ஒன்பது மாதமும் பெரிய காலம்தானே, அதற்குள் ஒரு முக்கியமான வேலையை முடித்துவிட்டு அதைச் சொல்லியே அடுத்த இடத்துக்குப் போகலாம். நான் என்றால் இப்போதே கையெழுத்துப் போடுவேன்.

சட்டக்காரி:
தொடுவானம், உங்களால் முடியும் என்றால் நீங்கள் போடலாம், தப்பில்லை. தூரப்பார்வைக்கு மூன்று வாரம் காத்திருப்பதால் என்ன நஷ்டம்? ஆஃபரை வங்கியின் முடிவு வரும்வரை திறந்து வைத்திருக்கும்படி எழுத்தில் கேளுங்கள். நியாயமான கோரிக்கை, காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். "முடியாது, உடனே சேர்ந்தால்தான்" என்று நெருக்கினால், வங்கி என்ன சொல்லும் என்று அவர்களுக்கே நம்பிக்கை இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

ஆள்சேர்ப்பு:
ஆமாம், ஆள் கிடைக்காத பதவிக்கு மூன்று வாரம் காத்திருப்பார்கள். ஒன்று மட்டும்: இப்போதைய வேலையில் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். அவர்கள் கூப்பிட்டுச் சம்பளம் ஏற்றித் தருகிறோம் என்றால் அது வேறு தலைவலி.

தூரப்பார்வை:
காத்திருக்கப் புதிய கம்பெனியில் ஒத்துக்கொண்டுவிட்டார்கள், மின்னஞ்சலில் வந்துவிட்டது. பங்கைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு இரண்டு மாதச் சம்பளத்தைச் சேரும்போதே தருகிறார்கள், அவர்கள் அனுப்பினால் மூன்று மாதச் சம்பளம். திருப்பித் தரும் ஷரத்தையும் சட்டக்காரி சொன்ன மாதிரி மாற்றிவிட்டார்கள். வேறு கம்பெனிக்குப் போகத் தடை இல்லை. வங்கி கடனை நீட்டித்தால் அதற்கான கடிதத்தை நிதித்துறைத் தலைவர் எனக்குக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். வீட்டிலும் உட்கார்ந்து பேசிவிட்டோம். கடிதம் வந்தால் சேர்கிறேன், வராவிட்டால் இல்லை. வேலை பிடித்திருக்கிறது என்பதற்காக அந்தக் கோட்டைத் தாண்ட மாட்டேன்.

ஒற்றைச்சம்பளம்:
இப்படி என்றால் எனக்கும் ஆட்சேபம் இல்லை. அந்த இரண்டு மாதச் சம்பளத்தைத் தொடாமல் தனியாக வையுங்கள். கூடுதலாக வருகிற 30 சதவீதத்தையும் முதல் வருடம் வீட்டுச் செலவில் கலக்காதீர்கள், பழைய சம்பளத்திலேயே குடும்பம் ஓடட்டும். மருத்துவக் காப்பீடு இப்போது கம்பெனி வழியாக இருந்தால், ராஜினாமா கொடுப்பதற்கு முன் சொந்தமாக ஒன்று எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே இருக்கிற நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் போடுவார்கள், அது இப்போதே ஓட ஆரம்பிக்கட்டும்.

தூரப்பார்வை:
காப்பீடு எனக்குத் தோன்றவே இல்லை, நாளைக்கே விசாரிக்கிறேன். வங்கியிலிருந்து பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.